ஒத்திவைக்கப்பட்டது

இரண்டாம், நான்காம் வியாழன், இரவு ஏழரை.
வெள்ளகோவிலில், டைல்ஸ் கடைக்கு மேலே
எங்கள் சங்கம்.
தலைவர் மணியடித்தால் கூட்டம் ஆரம்பம்.
சட்டையில் பேட்ஜ் இல்லாவிட்டால் பத்து ரூபாய்,
தலைவரை 'மாப்ள' என்று கூப்பிட்டால் ஐம்பது.
போன வருடம் கண் முகாமுக்குச் சொட்டு மருந்து
முழுக்க முழுக்க மாப்பிள்ளைப் பணம்தான்.

நான் செயலாளர்.
மெடிக்கல் கடை இருப்பதாலும்
கையெழுத்து பரவாயில்லை என்பதாலும்
மூன்றாவது வருடமாக நானே.
கடையின் பின்னறையில்
குளுக்கோஸ் அட்டைப்பெட்டிகளை ஒட்டி நிற்கிறது
சங்கத்தின் குளிர்பெட்டி.
ஆறேகால் அடி. கண்ணாடி மூடி. நான்கு சக்கரம்,
அதிலொன்று இடதுபக்கம் இழுக்கும்.
வாடகை கிடையாது, டெம்போ அவரவர் செலவு.
ரத்ததானம், மரக்கன்று, நோட்டுப்புத்தகம்
எல்லாவற்றுக்கும் போட்டோ உண்டு.
பெட்டி பக்கத்தில் மட்டும்
யாரும் சிரித்து நின்றதில்லை.

போன் எந்நேரமும் வரும்.
"ஏனுங் அம்முணி, பொட்டி இருக்குதுங்ளா?
பெரிய பையன் மஸ்கட்டுல இருந்து வரோணுங்.
ஒறம்பரையெல்லாம் நாளைக்குப் பொழுதோடதான்."
இருக்குதுங்க என்பேன்.
ஒரு மூச்சு.
பிறகு, தயிர் புளிப்பா என்று விசாரிக்கிற பக்குவத்தில்,
"கடைசியா எங்க போயிட்டு வந்துச்சுங்?"

மார்ச்சில் அது போனது
எண்ணெய் ஆலை லைன்வீட்டுக்கு.
நிரஞ்சன் மாஜி, வயது இருபத்திரண்டு, களாஹாண்டி.
காகிதங்கள் வந்துசேர இரண்டு இரவு.
கூட இருந்த பையன்
செல்போனைக் கண்ணாடிக்கு மேல் பிடித்தான்.
அந்தப் பக்கம் இருந்த தாய்
மகன் முகத்தின் குறுக்கே ஓடுகிற எழுத்தைக் காட்டி
என்னவோ கேட்டாள்.
பையன் என்னைப் பார்த்தான்.
'உபயம்: தங்கநாச்சி மாடர்ன் ரைஸ்மில்'.
கண்ணாடி வேர்த்திருந்தது.
முந்தானையால் துடைத்துக் கொடுத்தேன்,
அவ்வளவுதான் முடிந்தது.

ஏப்ரலில் காலனிக்கு, இரண்டு தடவை.

அந்த மாதக் கூட்டத்திலேயே, பொருள் எண் ஆறு:
இன்னொரு பெட்டி வாங்குவது.
முன்மொழிந்தவர் தெய்வசிகாமணி.
தேங்காய்க் களக்காரர்.
எவர் பிரசவத்துக்கும் ரத்தம் வேண்டுமென்றால்
நடுராத்திரி கோயமுத்தூருக்குக் காரெடுப்பவர்.
அந்தப் பாக்கெட் எந்தத் தெரு ரத்தம் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
"ஒரு வசதிக்குத்தானுங்" என்றார்.
யாருக்கு என்ன வசதியென்று யாரும் கேட்கவில்லை.
சப்பாத்தி ஆறிக்கொண்டிருந்தது.

மினிட்ஸ் நோட்டில் எழுதினேன்:
'விவாதிக்கப்பட்டது.
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.'
விவாதம் நடக்கவில்லை. ஒத்திவைத்தது நான்.

அடுத்த கூட்டத்தில்
விலைப்பட்டியல் வரவில்லை என்றேன்.
(வந்திருந்தது. கல்லாவுக்கு அடியில் கிடக்கிறது.)
அப்புறம் ஒருதரம் கோரம் இல்லை.
அப்புறம் புதுத்தலைவர் பதவியேற்பு.
அப்புறம் ஆடி. ஆடியில் எதையும் புதுசாக
வாங்கக் கூடாதுங்க என்றேன்.
"இதுக்குமா?" என்று யாரோ சிரித்தார்கள்,
ஆனால் ஒத்துக்கொண்டார்கள்.
ஏழு கூட்டம் ஆயிற்று.
அந்த ஒரு சொல் மட்டும்
என் கையெழுத்தில் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு வருகிறது.

எழுந்து நின்று சொல்லியிருக்கலாம்.
அந்த மேசையில் பாதிப்பேர்
என் கடையில் கணக்கு வைத்திருப்பவர்கள்.
சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை,
மாதக் கடைசியில் மொத்தமாகத் தருவார்கள்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
உட்கார்ந்தே இருந்தேன்.

நேற்று ராத்திரி இரண்டு மணி.
முத்தூர்ப் பக்கம், பெரிய வீடு.
பெட்டி இருக்கிறதா, இருக்கிறது.
மூச்சு.
"கடைசியா எங்க போயிட்டு வந்துச்சுங்?"

"எழவு வீட்டுக்குங்க."

வெகுநேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.
எங்கோ ஒரு நாய் குரைத்தது,
அவர்கள் வாசலிலா, என் வாசலிலா தெரியவில்லை.
பிறகு அழுகை நனைத்த குரலில்,
"டெம்போ அனுப்பறனுங்."

எழுந்து முகம் கழுவினேன்.
வாளியில் டெட்டால் ஊற்றிக்கொண்டு
மூடி, விளிம்பு, அடித்தட்டு என்று துடைத்தேன்.
இழுக்கிற சக்கரத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய்.
பிளக்கைச் செருகிப் பார்த்தேன்.
ஓடியது.